பினாங்கில் அம்மா நிறுத்திய கார்

பிரிக்ஃபீல்ட்ஸ்,
கோலாலம்பூர்.

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

இங்கே வந்திருக்கும் அப்பா அம்மா உட்பட எல்லோரும் நலம். அண்ணியின் கால்வலி இப்போது பரவாயில்லையா? நீங்கள் போனில் பேசும்போதெல்லாம் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு "அதைச் சொல்லாதே" என்று கண் காட்டுகிறார். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பள்ளி விடுமுறையில் எல்லோருமாகப் பினாங்கு போய் வந்தோம். எங்கள் வீட்டுப் பக்கத்திலேயே சென்ட்ரல் ஸ்டேஷன். அங்கிருந்து, பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்கு ரயிலில் நாலு மணி நேரம். அம்மா விடியற்காலையிலேயே எழுந்து புளிச்சோறு கிளறிவிட்டாள். ரயிலில் ஏசி குளிர் தாங்க முடியாது. அப்பா அந்தக் குரங்குக் குல்லாவை எடுத்து மாட்டிக்கொண்டார். எதிர் சீட்டு மலாய்க் குழந்தை வழி முழுக்க வேடிக்கை பார்த்ததே அவரைத்தான்.

தீவுக்குக் கடலின் மேலேயே பாலம் இருக்கிறது. 1985-இல் திறந்தது, 13.5 கிலோமீட்டர். ஆனால் கப்பலில் போனதாக ஊரில் சொல்லியாக வேண்டுமே! பத்து பதினைந்து நிமிடப் படகுப் பயணம்தான். அங்கே வந்து அப்பா அதை எத்தனை மணி நேரம் சொல்கிறார் என்று பாருங்கள்.

பினாங்கின் தலைநகர் ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடுகளை அப்படியே வைத்திருக்கிறார்கள். 2008-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர். சுற்றிப் பார்க்க இவர் ட்ரைஷா பிடித்தார். நம் ஊர் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஓட்டுபவர் முன்னால் இருப்பார், நாம் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு போவோம். இங்கே ஓட்டுபவர் பின்னால், நாம் முன்னால். வருகிற வண்டி எல்லாம் நேரே நம் முழங்காலுக்குத்தான் வரும். முதல் திருப்பத்திலேயே பஸ் ஒன்று எதிரில் வந்தது. அம்மா "முருகா" என்று கத்தினாள். ஆனால் அடுத்த முக்கில் ஒரு கார் குறுக்கே வரப் பார்த்தபோது, பையை அப்பா மடியில் போட்டுவிட்டு, போலீஸ்காரர் மாதிரி வலது கையை நீட்டினாள். கார் நின்றுவிட்டது! பின்னால் ஓட்டிய சீனத் தாத்தா சிரித்த சிரிப்பில் வண்டியே ஆடியது. அப்புறம் ஒவ்வொரு முக்கிலும் கை காட்டியது அம்மாதான். இவள் தமிழில் சொல்ல, அவர் சீனத்தில் பதில் சொல்ல, என்ன பேசினார்களோ, இறங்கும்போது அம்மா அவருக்கு மிச்சமிருந்த புளிச்சோற்றைக் கொடுத்தாள்.

மதியம் ஒரு நாசி கண்டார் கடை. நம் தமிழ் முஸ்லிம்கள் அந்தக் காலத்தில் காவடியில் தூக்கி விற்ற சாப்பாடு. சோற்றின் மேல் கோழிக் குழம்பு, மீன் குழம்பு, வெண்டைக்காய் எல்லாம் ஒன்றாக ஊற்றித் தருவார்கள். தட்டை ஒரு பார்வை பார்த்தே கடைக்காரர் விலை சொல்கிறார். அப்பா சும்மா விடுவாரா? முப்பது வருஷம் கூட்டுறவு வங்கியில் கணக்குப் பார்த்தவராயிற்றே. கோழிக்கு எவ்வளவு, வெண்டைக்காய்க்கு எவ்வளவு, குழம்பு தனியா என்று ஆரம்பித்தார். "ஐயா, எல்லாம் சேர்த்து 14 வெள்ளி" என்றார் அவர், அழகான தமிழில். மறுநாள் அதே கடைக்குப் போய் அதையே கேட்டு வாங்கினார். 13 வெள்ளி! அன்று முழுக்க நடையே மாறிவிட்டது. ஒரு வெள்ளி என்றால் இருபது ரூபாய் என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

டுரியான் கதைதான் அப்பா சொல்ல வேண்டாம் என்றது. பலாப்பழம் மாதிரி முள்ளும் சுளையும் உள்ள பழம், வாசனை ஊரையே தூக்கும். இங்கே இப்போது சீசன். எங்கள் ஓட்டல் வாசலிலேயே, உள்ளே கொண்டுவரக் கூடாது என்று டுரியான் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்டு ஒட்டியிருந்தார்கள். தெருவோரத்தில் ஒன்றை வெட்டித் தரச் சொன்னார் இவர். அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு முதலில் ஒரு சுளை, அப்புறம் மூடாமலே நாலு சுளை. கடைக்காரர் தோட்டின் குழியில் தண்ணீர் ஊற்றிக் கை கழுவச் சொன்னார், வாசனை போய்விடுமாம். கை வாசனை போனது சரி. இரண்டு சுளையை அப்பா புளிச்சோற்று டப்பாவில் போட்டு, துண்டில் சுற்றி, ராத்திரிக்கு என்று கொண்டுவந்திருக்கிறார்! வாசல் காவலாளி அவர் பக்கத்தில் வந்ததுமே மூக்கை உறிஞ்சினார். அவர் எதுவும் கேட்கவில்லை, துண்டைப் பார்த்தார், அவ்வளவுதான். அப்பா வாசல்படியிலேயே நின்று இரண்டையும் விழுங்கிவிட்டு, காலி டப்பாவைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே வந்தார்.

பினாங்கு மலைக்கும் போனோம். 1923-லிருந்து அங்கே கயிற்று ரயில் ஓடுகிறது. மேலே சிலுசிலுவென்று காற்று, முருகன் கோயில். வேறென்ன வேண்டும் அம்மாவுக்கு. மறுநாள் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படியையும் ஏறினாள். சின்னவன் பாதியில் இவர் தோளுக்குப் போய்விட்டான்.

அப்பா கீழேயே நகரத்தார் கோயிலில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் இறங்கி வந்தால், யாரோ ஒரு பெரியவரோடு தோளில் கை போட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார். புதுவயல்காரராம். அவருடைய மாமனாரும் நம் பெரியப்பாவும் ஒன்றாகப் படித்தவர்கள் என்பது வரை வந்துவிட்டது. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் இந்தக் கோயிலுக்குத்தான் வரும், வழியெல்லாம் தேங்காய் உடைப்பார்கள், வந்தால் என் வீட்டில்தான் தங்க வேண்டும் என்று அவர் சொல்ல, அப்பா சரி என்று தலையாட்டிவிட்டார்.

வருகிற புதன்கிழமை அப்பாவும் அம்மாவும் திருச்சிக்கு வருகிறார்கள். அம்மா ஜாதிக்காய் ஊறலும் தைலமுமாக வாங்கிப் பெட்டி நிறைத்திருக்கிறாள், பெரிய வண்டியாக எடுத்துப் போங்கள். அப்பாவின் பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்று, அவர் வந்ததும் அவருக்குத் தெரியாமல் பார்த்துச் சொல்லுங்கள். தைப்பூசத்துக்கு இன்னும் ஆறேழு மாதம்தான் இருக்கிறது.

அன்புத் தங்கை