முதலில் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவைச் சரிசெய்யுங்கள்: கல்லூரி முதல்வர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

வகுப்பில் கைப்பேசி கூடாது என்ற சுற்றறிக்கையே இப்போது பல கல்லூரிகளில் வாட்ஸ்அப் குழுவில்தான் வருகிறது. இன்டர்னல் தேர்வு அட்டவணை, கட்டணக் கெடு, பிளேஸ்மென்ட் பதிவு எல்லாம் அங்கேதான். "இன்று மாலை 4 மணிக்குள் ஃபார்ம் நிரப்பவும்" என்று பகல் 2 மணிக்குப் போட்டால், மாணவர் பாடத்தின் நடுவே போனை எடுக்கத்தான் செய்வார். அவர்களின் கவனச்சிதறலை நொந்துகொள்ளும் முன் அதில் நிர்வாகத்தின் பங்கைக் குறையுங்கள்.

போனைத் தொடாவிட்டாலும் பாதிப்பு உண்டு. 2015-இல் வெளிவந்த புளோரிடா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வில், செய்தி வந்ததை உணர்ந்தும் எடுத்துப் பார்க்காதவர்கள்கூட, கவனம் வேண்டிய வேலையில் கூடுதலாகத் தவறினார்கள். 2013-இல் கனடாவில் வந்த ஓர் ஆய்வு இன்னும் சங்கடமானது: வகுப்பில் மடிக்கணினியில் வேறு வேலை பார்த்தவர்களோடு, அந்தத் திரை கண்ணில் படும்படி உட்கார்ந்தவர்களுக்கும் மதிப்பெண் குறைந்தது. ஆகவே போனை வைப்ரேஷனில் போட்டுச் சட்டைப்பையில் வைத்தால் போதாது. முழு சைலன்ட்டில் புத்தகப்பைக்குள் போக வேண்டும்.

வாசலில் போனை வாங்கி வைப்பதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. 60 பேரிடம் வாங்கித் திருப்பிக் கொடுப்பதிலேயே பீரியடில் பாதி போகும். திரை உடைந்தால் யார் பொறுப்பு என்ற சண்டை வரும். பழைய போனை ஒப்படைத்துவிட்டுப் புதியதை வைத்துக்கொள்வதும் நடக்கும்.

வகுப்புக் குழு கெடுவதற்குக் காரணம் எளிது. ஓர் அறிவிப்புக்கு 50 பேர் "நோட்டட் சார்" போடுகிறார்கள். சலித்துப்போய்ப் பலர் குழுவை மியூட் செய்கிறார்கள். அறிவிப்பு தவறுகிறது. உடனே அதையே மூன்று முறை போடுகிறோம். இன்னும் பலர் மியூட் செய்கிறார்கள்.

அறிவிப்புக்குத் தனிக் குழு வையுங்கள். குழுவின் பெயரைத் தொட்டு, குரூப் பெர்மிஷன்ஸில் உறுப்பினர் செய்தி அனுப்பும் வசதியை அணைத்தால் அட்மின்கள் மட்டுமே எழுத முடியும். யார் பார்த்தார்கள் என்றறிய "நோட்டட்" தேவையில்லை. அனுப்பியவர் செய்தியை அழுத்திப் பிடித்து 'இன்ஃபோ' பார்த்தால் படித்தவர் பட்டியல் வரும். ரீட் ரிசிப்ட்டை (படித்ததைக் காட்டும் நீல டிக்கை) அணைத்து வைத்தவர்களும் குழுவில் தப்ப முடியாது.

அறிவிப்பு மதிய இடைவேளையிலும் கடைசி மணி அடித்த பிறகும் மட்டும் போகட்டும். எந்தப் படிவத்துக்கும் குறைந்தது 2 வேலைநாள் அவகாசம் வேண்டும். பல்கலைக்கழகமே நெருக்கினால் தவிர விதிவிலக்கு வேண்டாம். இரவு 11 மணிக்கு நினைவு வந்தால் கூகுள் கிளாஸ்ரூம் என்ற வகுப்புச் செயலியில் 'ஷெட்யூல்' கொடுத்துக் காலைக்கு வையுங்கள்.

பாடக்குறிப்புகளை வாட்ஸ்அப்பில் அனுப்பவே வேண்டாம். கரும்பலகைப் படங்கள் தரம் குறைந்து போய்ச் சேருகின்றன. உடனே பதிவிறக்காதவருக்குச் சில வாரங்களில் கிடைக்காமலும் போகின்றன. இன்டர்னலுக்கு முந்தைய இரவு மூன்றாம் யூனிட்டைத் தேடிக் குழுவில் மேலே மேலே தள்ளும் மாணவர் வழியில் ரீல்ஸுக்குள் விழுந்தால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? கிளாஸ்ரூமில் யூனிட் வாரியாகத் தலைப்பிட்டு பிடிஎஃப்பாக ஏற்றுங்கள். முடிந்தால் ஜெராக்ஸ் கடையில் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்.

கடைசியாக, பெற்றோருக்குத் துறை அலுவலகத் தொலைபேசி எண் ஒன்றைக் கொடுங்கள். வகுப்பு நேரம் முழுதும் அதை எடுக்க ஓர் ஆள் இருக்க வேண்டும். அவசரத்துக்கு அழைத்தும் எடுப்பார் இல்லையென்றால், மறுநாளே எல்லாப் போன்களும் புத்தகப்பையிலிருந்து சட்டைப்பைக்கு வந்துவிடும்.

இப்படிக்கு,
கல்லூரி ஆசிரியர்கள் சிலர்