ஆத்தங்குடியில் எடுத்த விளம்பரம்

காரைக்குடி

அன்புள்ள மெய்யப்பா,

இங்கே எல்லோரும் நலம். ஆச்சிக்கு முட்டிவலி பரவாயில்லை. நீ ஊர்ப்பக்கம் தலைகாட்டாததற்கு நேரில் திட்ட வேண்டுமாம், சொல்லச் சொன்னார். வயிரவன் இன்னும் அந்த புல்லட்டை விற்கவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த செமஸ்டரில் என் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு விளம்பர வேலை கொடுத்தேன். ஏதாவது ஒரு வீடியோ கேம் நிறுவனத்துக்கு ஐந்து போட்டோவும் அரை நிமிட வீடியோவும் எடுக்க வேண்டும். கேமிலிருந்து ஒரு காட்சியோ இசையோ எடுக்கக் கூடாது. பெரும்பாலும் நீ நினைப்பதுதான் வந்தது: இருட்டறை, முகத்தில் நீல வெளிச்சம், கானாடுகாத்தான் தெருவில் புகைக்குள் ஓடிவரும் பையன்.

முத்துலட்சுமி என்று ஒரு பெண். அப்பா ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் பூக்கல்லைக் கையால் போடுகிறவர். அவள் எடுத்தது நின்டெண்டோ. 1889இல் கியோட்டோவில் ஃபுசஜிரோ யமாவுச்சி ஹனாஃபுடா என்ற பூப்படச் சீட்டுகளைக் கையால் செய்து விற்ற கடைதான் இன்றைய நின்டெண்டோ. அதை எங்கேயோ படித்துவிட்டாள், அப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை.

படத்தில் அப்பாவின் கைதான் முதலில் வருகிறது. கண்ணாடிமேல் அச்சு. அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் பச்சையும் சிவப்புமாகச் சிமெண்ட்டுக் கரைசலைக் கரண்டியால் விடுகிறார். ஒரு கட்டத்து நிறம் அடுத்ததில் வழியாமல் அச்சைத் தூக்குகிறார் பார், மூச்சு நின்றுவிடும். காய்ந்து, தண்ணீரில் ஊறி வந்த கல்லிலிருந்து கண்ணாடி கழல்கிறது. பளபளவென்று பூ. உடனே காட்சி மாறி, ஒரு சீட்டு புரள்கிறது. அடுத்து, தம்பி கையில் இரவல் வாங்கிய ஸ்விட்ச், நின்டெண்டோவின் கேம் கருவி. திரையை அவள் காட்டவே இல்லை. அதன் வெளிச்சம் வளவுத் தரையில் அசைவது மட்டும் தெரிகிறது. டியூப்லைட் துடிப்பு விழாமலிருக்க கேமரா ஷட்டரை 1/50 நொடியில் வைத்திருக்கிறாள். நான் சொல்லிக் கொடுக்கும் முன்பே!

வகுப்பே கைதட்டியது. ஆனால் அவள் அப்பா படத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இதுக்கு அந்தக் கம்பெனிக்காரன் என்னங்க சார் தருவான்?"

அதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை, மெய்யப்பா. ஒன்றும் தரமாட்டான். யாரும் கேட்டு எடுத்ததில்லை, பயிற்சிக்காக எடுத்தது என்றேன். உண்மைதான். ஆனால் உலகம் முழுக்கத் தெரிந்த கம்பெனிக்கு இன்னொரு விளம்பரம் எதற்கு? அவர் போடும் கல்லைப் போலவே பூ அச்சடித்த மெஷின் டைல்ஸ் கடை கடையாக விற்கிறது. விளம்பரம் தேவைப்படுவது அவருக்குத்தான். அதே காட்சிகளை வைத்து அந்தப் பட்டறைக்கு ஒரு படம் வெட்டச் சொல்லியிருக்கிறேன். அதற்குத் தனி மதிப்பெண்ணும் உண்டு. அடுத்த வருஷம் எல்லாருக்கும் இப்படித்தான்: கம்பெனிக்கு ஒன்று, உள்ளூர்த் தொழில் ஒன்றுக்கு ஒன்று.

உன்னிடம் கேட்பது இதுதான். அவள் வேலை தேடும்போது நின்டெண்டோ படத்தைக் காட்டலாமா? 'மாணவர் பயிற்சி, நிறுவனத்துக்குத் தொடர்பில்லை' என்று முதலிலேயே எழுத்துப் போடச் சொன்னேன். அது போதுமா, லோகோவையும் எடுத்துவிட வேண்டுமா? இத்தனை வருஷமாக விளம்பரத்திலேயே கிடக்கிறாய், உனக்குத் தெரியும். எனக்காக முகஸ்துதி வேண்டாம், பிடிக்காததை அவளிடமே சொல். லிங்க் தனியாக அனுப்பியிருக்கிறேன். ஹெட்போன் போட்டுக்கொண்டு பார். கண்ணாடி கழலும் சத்தம் போன் ஸ்பீக்கரில் கேட்காது.

கொப்புடையம்மன் திருவிழாவுக்கு வந்தால் ஆத்தங்குடிக்கே கூட்டிப் போகிறேன். பதில் போடு.

உன்,
வள்ளியப்பன்