ஒரு வரியில் முடிகிற விஷயமல்ல பவர் சப்ளை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டிலேயே கணினி கூட்டுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இப்படி ஒரு கட்டுரையைத் தமிழில் படிக்கக் கிடைத்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. பிராசஸர், மதர்போர்டு, கிராஃபிக்ஸ் கார்டு என்று ஒவ்வொன்றையும் கட்டுரையாளர் பொறுமையாக விளக்கியிருக்கிறார். ஆனால் சுவரின் கரன்டைக் கணினியின் பாகங்களுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டியான பவர் சப்ளைக்கு வந்ததும் "600 வாட் உள்ள ஏதாவது ஒன்று போதும்" என்று ஒரே வரியில் தாண்டிவிட்டார். அந்த வரியை நம்பி யாராவது கடைக்குப் போய்விடக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் மொரீஷியஸில், குவாத்ர போர்னில் இருக்கிறேன். டிவி, ரேடியோ, அப்புறம் கணினி என்று 20 ஆண்டுகளுக்கு மேலாகப் பழுதுபார்த்து வருகிறேன். செத்துப்போன மதர்போர்டுகளை எடுத்து வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "பவர் சப்ளை எது?" என்றுதான். பலருக்கு அதன் பெயரே தெரிந்திருக்காது. கேபினெட்டோடு சேர்ந்து வந்தது என்பார்கள்.

என் அக்கா மகனுக்கும் அப்படித்தான் நடந்தது. விடுமுறையில் வேலை செய்து சேர்த்த பணத்தில் அவன் தன் முதல் கணினியைக் கூட்டினான். கிராஃபிக்ஸ் கார்டுக்கே பாதிப் பணம் போய்விட்டது. கேபினெட்டோடு இலவசமாக வந்த பவர் சப்ளையில் 600 வாட் என்று போட்டிருந்ததால் அதுவே போதும் என்று விட்டுவிட்டான். ஒரு மாதத்தில் தொல்லை ஆரம்பித்தது. எழுதும்போதும் படம் பார்க்கும்போதும் ஒன்றும் ஆகாது. கேம் சூடுபிடிக்கும் நேரத்தில் மட்டும் கணினி பட்டென்று அணைந்து மறுபடி எழும். விண்டோஸைத் திரும்பப் போட்டான், ரேமை மாற்றினான். ஒரு மழை இரவில் கரன்ட் போய்த் திரும்ப வந்தபோது உள்ளே வெடிச்சத்தம், கருகிய வாடை. மதர்போர்டும் ஹார்ட் டிஸ்க்கும் கூடவே போயின. என் அம்மா கடைசியாகத் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தபோது பிடித்த படங்கள் அந்த டிஸ்க்கில்தான் இருந்தன. வேறு பிரதி இல்லை.

அந்தப் பவர் சப்ளையைக் கழற்றிப் பார்த்தேன். (வாசகர்கள் இதைச் செய்யவே கூடாது. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம், உயிருக்கே ஆபத்து.) கரன்ட் நுழையும் இடத்தில் வடிகட்டும் சுருள்களும், திடீர் உயர் அழுத்தத்தை விழுங்கும் வேரிஸ்டரும் இருக்க வேண்டும். போர்டில் அவற்றுக்கான இடம் அச்சிடப்பட்டிருந்தது, பாகங்கள் இல்லை. சுருள்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பித் துண்டுகளை வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

அதன் லேபிளில் இருந்த உண்மையையும் சொல்கிறேன். இன்றைய கணினியில் பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் பவர் சப்ளை தரும் மின் வழிகளில் ஒன்றான 12 வோல்ட் வரியிலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. 5 வோல்ட், 3.3 வோல்ட் வரிகளுக்கு வேலை குறைவு. ஆகவே பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் வாட் எண்ணை விட்டுவிட்டு, லேபிளில் 12 வோல்ட்டுக்கு எதிரே உள்ள ஆம்பியரைப் பார்த்து 12-ஆல் பெருக்க வேண்டும். அவனுடையதில் 25 ஆம்பியர், அதாவது 300 வாட். நேர்மையான 550 வாட் பவர் சப்ளை என்றால் அங்கே 45 ஆம்பியர் போல இருக்கும், பெருக்கினால் 540 வரும்.

அவன் கணினிக்கு எவ்வளவு தேவை? ஆர்.டி.எக்ஸ். 4060 கிராஃபிக்ஸ் கார்டு 115 வாட். ரைசன் 5 7600 பிராசஸரில் 65 வாட் என்று எழுதியிருந்தாலும் முழு வேகத்தில் 88 வாட் வரை எடுக்கும். மற்றவற்றுக்கு ஐம்பது, அறுபது என்று வைத்தால் மொத்தம் 270-க்குள் அடங்கிவிடும். அப்படியானால் 300 போதுமே என்று தோன்றும். ஆனால் கிராஃபிக்ஸ் கார்டு சீராக இழுப்பதில்லை. கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவான பொழுதில் தன் வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு வரை இழுத்துவிடும். பவர் சப்ளைகளுக்கான தர விதியாக 2022-ல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0-ல் இந்தத் திடீர் இழுப்பைத் தாங்க வேண்டும் என்பதையே சேர்த்தார்கள். இந்தக் கார்டுக்கு அதன் தயாரிப்பாளர் 550 வாட் பரிந்துரைப்பதும் இதையெல்லாம் மனதில் வைத்துத்தான். அதற்காக 1000 வாட் வேண்டும் என்று யாராவது பயமுறுத்தினால் அதையும் நம்ப வேண்டாம். நல்ல 550 வாட், மோசமான 1000 வாட்டைவிட எவ்வளவோ மேல்.

"80 பிளஸ் கோல்டு என்ற சிக்கன முத்திரை உள்ளதை வாங்கினால் போதும்தானே?" என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். அந்த முத்திரை சொல்வது ஒன்றே ஒன்று: சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வெப்பமாக வீணாகாமல் கணினிக்குப் போய்ச் சேர்கிறது என்பது. கோல்டு என்றால் பாதிச் சுமையில் 90 சதவீதம், பிரான்ஸ் (வெண்கலம்) என்றால் 85 சதவீதம். நம் 270 வாட் கணினிக்கு இரண்டுக்கும் 18 வாட் போலத்தான் வித்தியாசம். கோளாறு வரும்போது அந்தப் பெட்டி என்ன செய்யும் என்பதை முத்திரை சொல்லாது. மின்னழுத்தம் எகிறினாலும், ஷார்ட் ஆனாலும், அளவுக்கு மேல் சூடானாலும் தானே அணைந்துகொள்ளும் பாதுகாப்புகள் உண்மையிலேயே வேலை செய்கின்றனவா என்பதைச் சுமை ஏற்றிச் சோதித்தவர்கள்தான் சொல்ல முடியும். 12 வோல்ட் வரி 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் நிற்க வேண்டும், அதில் ஓடும் அலைவு, அதாவது மின்னழுத்தத்தின் வேகமான சிறு ஏற்ற இறக்கம், 120 மில்லி வோல்ட்டைத் தாண்டக் கூடாது. சாதாரண மல்டிமீட்டரில் அந்த அலைவு தெரியாது, மின்னலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப் வேண்டும். எனவே பெட்டியைத் திறந்து, அளந்து காட்டிய மதிப்பாய்வு உள்ள மாடலை மட்டும் வாங்குங்கள். கம்பெனிப் பெயரை மட்டும் பார்த்து வாங்கவும் முடியாது. பல பிராண்டுகள் தாங்களே தயாரிப்பதில்லை. தைவானின் சீசானிக், எஃப்.எஸ்.பி., சூப்பர் ஃப்ளவர் போன்றவர்கள் செய்து கொடுப்பதில் தங்கள் பெயரை ஒட்டுகிறார்கள். ஒரே பிராண்டில் பத்து ஆண்டு உத்தரவாதத்தோடு ஒரு வரிசையும், இரண்டு ஆண்டோடு இன்னொன்றும் இருக்கும். தயாரித்தவருக்கே தன் பொருளில் எவ்வளவு நம்பிக்கை என்பதை அந்த ஆண்டுக் கணக்கு காட்டிவிடும். தீவில் இருக்கும் நாம் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து மலிவாக வரவழைத்த கனமான பெட்டியைத் திருப்பி அனுப்பும் செலவில் புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாம். கொஞ்சம் கூடுதலானாலும் உள்ளூர்க் கடையில் ரசீதோடு வாங்குவதே நல்லது.

அடுத்தது எர்த். இதைத்தான் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் வீட்டுச் சுவர்களில் பிரிட்டிஷ் மூன்று துளை சாக்கெட் இருக்கிறது, கைக்கு வரும் பொருள்களில் பாதிக்கு ஐரோப்பாவின் உருண்டைக் கால் ப்ளக். என்ன செய்கிறோம்? பேனா முனையால் மேல் துளையைத் திறந்து, உருண்டைக் கால்களைக் கீழே செருகிவிடுகிறோம். இல்லையென்றால் இரண்டு கால் அடாப்டர் போட்டு, அதில் முல்திப்ரீஸ் (பல சாக்கெட் உள்ள நீட்டிப்புப் பலகை), அதில் கணினி. விளக்கு எரியும், கணினியும் ஓடும். எர்த் மட்டும் எங்கேயும் போய்ச் சேராது. அப்போது பவர் சப்ளையின் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் வழியே கேபினெட்டின் தகட்டில் ஏறக்குறைய 115 வோல்ட் வந்து நிற்கும். மிக மெல்லிய மின்னோட்டம்தான், ஆனாலும் வெறுங்காலோடு தொட்டால் சுறுசுறுவென்று இருக்கும். "கணினி கொஞ்சம் ஷாக் அடிக்கிறது, பழகிவிட்டது" என்று ஒரு வீட்டில் சொன்னார்கள், எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த நிலையில் எவ்வளவு விலை உயர்ந்த பவர் சப்ளையும் தன் வேலையை முழுதாகச் செய்ய முடியாது. எர்த் அறுந்திருந்தால் உள்ளே ஏற்படும் ஒரு கோளாறு 230 வோல்ட்டையும் தகட்டுக்குக் கொண்டுவரலாம். ஃபியூஸ் உள்ள மூன்று கால் ப்ளக்கோடு கூடிய கேபிள் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள், அதிகம் செலவாகாது. பழைய வீடாக இருந்தால் சாக்கெட்டில் எர்த் உண்மையாகவே இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள்.

புயல் காலத்தில், வானிலை நிலையத்தின் மூன்றாம் நிலைப் புயல் எச்சரிக்கை வரும்போதாவது ப்ளக்கையே பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கரன்ட் திரும்பியதும் கொஞ்ச நேரம் விளக்கு நிதானமாக எரிகிறதா என்று பார்த்த பிறகு செருகலாம். கரன்ட் போனால் பேட்டரியிலிருந்து மின்சாரம் தரும் யு.பி.எஸ். வாங்குபவர்கள் சைன் அலை தருவதாகப் பார்த்து வாங்கவும். இன்றைய நல்ல பவர் சப்ளைகள் சில, சதுர அலை தரும் மலிவான யு.பி.எஸ்.ஸோடு ஒத்துப்போவதில்லை. கரன்ட் போனதும் யு.பி.எஸ். மாறிக்கொள்ளச் சில மில்லி வினாடிகள் ஆகும். நல்ல பவர் சப்ளை தன் கெப்பாசிட்டரில் உள்ளதைக் கொண்டு 16, 17 மில்லி வினாடி தாங்கும். மலிவானது அதற்குள் மூச்சை விட்டுவிடும். "யு.பி.எஸ். இருந்தும் அணைகிறதே" என்று வரும் புகார்களில் பல இந்தக் கதைதான்.

கழற்றி மாட்டும் கேபிள்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பவர் சப்ளையை மாற்றும்போது பழைய கேபிள்களை அப்படியே விட்டுப் புதிய பெட்டியில் செருகிவிடாதீர்கள். மதர்போர்டுப் பக்கத்து முனைதான் எல்லோருக்கும் பொது. பெட்டிப் பக்கத்து முனையில் எந்தக் கம்பி எங்கே என்பது கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் மாடலுக்கு மாடல் மாறும். முனை சரியாகப் பொருந்தும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்துக்கு 12 வோல்ட் போய் டிஸ்க் எரிந்துவிடும். ஒரே மாலையில் மூன்று டிஸ்க்கைப் பறிகொடுத்த ஒருவருக்கு நான் ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது.

அக்கா மகன் இப்போது நல்ல 550 வாட் ஒன்று போட்டிருக்கிறான். சேர்ந்து உட்கார்ந்து லேபிளைப் படித்துத்தான் வாங்கினோம். கேம் ஓடும்போது ஒரு முறைகூட அணையவில்லை.

ஆசிரியர் அவர்களே, அந்த ஒரு வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். இடம் இருந்தால், ஒரு நல்ல பவர் சப்ளையின் லேபிளையும் ஒரு மோசமானதன் லேபிளையும் பக்கத்தில் பக்கத்தில் படமாகப் போடுங்கள். மோசமானது வேண்டுமென்றால் என்னிடமே ஏழெட்டு இருக்கின்றன. படம் எடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகன்
குவாத்ர போர்ன், மொரீஷியஸ்