பொருள்: வேர் உட்பூசணத் தாய் வித்தில் உயிர் இல்லாதது பற்றிய புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு மேலாளர் அவர்கள்

ஐயா,

ஒட்டன்சத்திரம் பக்கம் தக்காளி, மிளகாய் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறேன். நாற்றுக்கு வேண்டிய வேம் உரத்தை, அதாவது வேருக்குள் வாழ்ந்து பயிருக்கு மணிச்சத்து எடுத்துக்கொடுக்கும் வேர் உட்பூசணத்தை, நானே குழி போட்டுப் பெருக்கிக்கொள்வது வழக்கம். இந்த முறை தாய் வித்து, அதாவது பெருக்குவதற்கான மூலப் பூசணம், உங்களிடம் வாங்கினேன், ஒரு கிலோ பாக்கெட் மூன்று.

வேளாண் பல்கலைக்கழகம் சொல்லித்தரும் முறைதான். குழிக்கு 50 கிலோ வெர்மிகுலைட் (ஈரம் பிடிக்கும் கனிமத் துகள்), 5 கிலோ சுத்திகரித்த மண், 1 கிலோ வித்து, மேலே மக்காச்சோளம். உங்கள் சரக்கில் இரண்டு குழி போட்டேன். வேறு இடத்தில் வாங்கிய போன வருட மிச்சத்தில் ஒரு குழி. மூன்றிலும் மக்காச்சோளம் பச்சைப்பசேல் என்று நின்றது, அதனால் சந்தேகமே வரவில்லை. 45-ஆம் நாள் வேரைப் பிடுங்கி, தெரிந்த தாவரவியல் ஆசிரியரிடம் கொடுத்து நீலச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தோம். பழைய வித்துக் குழியின் வேரில் குட்டி மரம் போல் கிளைத்த நீலக் கோடுகளும், பலூன் மாதிரிப் பைகளும் நிறைந்திருந்தன; பூசணம் வேரில் ஏறியதற்கு அவைதான் அடையாளம். உங்கள் குழி வேர்கள் கண்ணாடி போல் வெறுமை.

போனில் கேட்டதற்கு, “சூப்பர் பாஸ்பேட்டை அதிகமாகப் போட்டிருப்பீர்கள்” என்றார் உங்கள் ஊழியர். அது மணிச்சத்து உரம்; மணிச்சத்து மிஞ்சினால் வேரில் பூசணம் ஏறாது என்பது எனக்கும் தெரியும். குழிக்கு 2 கிராம்தான் போட்டேன். பழைய வித்துக் குழிக்கும் அதே 2 கிராம்தான்.

அப்புறம்தான் பாக்கெட்டை ஒழுங்காகப் படித்தேன். ‘வெல்லக் கரைசலில் 7 நாள் வைத்துப் பெருக்கலாம்’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அசோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியா உரப் பாக்கெட்டில் இருந்தால் ஒத்துக்கொள்வேன். வேம் பூசணம் உயிருள்ள வேரில்லாமல் பெருகவே பெருகாது. பெருகுமென்றால் நான் எதற்குக் குழி வெட்டி, 60 நாள் மக்காச்சோளத்துக்குத் தண்ணீர் விட வேண்டும்? காலாவதித் தேதிமேல் ஒரு ஸ்டிக்கர் வேறு. நகத்தால் சுரண்டினால் அடியில் இன்னொரு தேதி.

வேம் உரத்தில் உயிருள்ள பூசணம் கிராமுக்குக் குறைந்தது எவ்வளவு இருக்க வேண்டும் என்று உரக் கட்டுப்பாட்டு ஆணையே வரையறுத்திருக்கிறது. இந்தத் தொகுதிக்கான பரிசோதனை அறிக்கையை 15 நாளுக்குள் அனுப்புங்கள். வித்தின் விலையோடு இரண்டு குழிக்கான வெர்மிகுலைட், விதை, கூலிச் செலவும் திரும்ப வேண்டும். ரசீது நகல், வேர்ப் படங்கள் இணைத்துள்ளேன்.

மூன்றாவது பாக்கெட் பிரிக்காமல் நிழலில் இருக்கிறது. உங்கள் ஆள் வந்து, என் கண் முன்னால் மாதிரி எடுத்துப் போகட்டும்.

இப்படிக்கு,
நாற்றுப்பண்ணை உரிமையாளர்