முதலில் குதிகாலைத் தூக்கிப் பார்

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

வர்ற சனிக்கிழமை ஆபீஸ் நண்பர்களோடு பனிச்சறுக்குக்குப் போகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பயம் மட்டுமில்லை கண்ணு, சந்தோஷமும்தான். பட்டாளத்தில் இருந்தபோது காஷ்மீரில் குல்மார்க்கில் கழித்த இரண்டு குளிர்காலமும் கண் முன்னே வந்து நிற்கிறது. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

வாடகைக்கு வாங்கிய ஸ்கீயை, அதான் அந்த நீளச் சறுக்குப் பலகையை, காலில் மாட்டியதும் குதிகாலைத் தூக்கிப் பார். தூக்க வந்தால் அது கிராஸ் கன்ட்ரி. காட்டுப் பாதையில் நடையும் சறுக்கலுமாகப் போகிற வகை. ஸ்கீ ஒல்லியாக இருக்கும், பூட்ஸ் லேசாக இருக்கும். பனியில் தண்டவாளம் மாதிரி இரண்டு தடம் போட்டிருப்பார்கள். ஒரு காலை அழுத்தி உதைத்து, மறு காலை வழுக்க விடு. நீ இருக்கும் ஒஸ்லோவைச் சுற்றி இதற்கான காட்டுத் தடங்கள் ஏராளம். நீ இதில் தொடங்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

குதிகால் அசையாமல் பூட்டிக் கிடந்தால் அது ஆல்பைன். மலைச்சரிவில் இறங்குவதற்கானது. பூட்ஸ் கல் மாதிரி இருக்கும். விழுந்தால் பூட்ஸ் ஸ்கீயிலிருந்து கழன்றுகொள்ள வேண்டும் என்பதற்காக உன் எடையைக் கேட்டு, பூட்ஸைப் பிடித்திருக்கும் பைண்டிங்கைத் திருகி வைப்பார்கள். வெட்கப்படாமல் உண்மையான எடையைச் சொல். குதிகாலைப் பூட்டாமலே முட்டியை மடக்கிச் சரிவில் இறங்குகிறவர்களையும் பார்ப்பாய். அது டெலிமார்க், உங்கள் நார்வேயில் இருக்கும் ஒரு பகுதியின் பெயர்தான் அது. கிராஸ் கன்ட்ரி 1924-இல் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்கிலேயே இருந்தது, ஆல்பைன் 1936-இல்தான் சேர்ந்தது. உயரத்திலிருந்து பறக்கிற ஸ்கீ ஜம்பிங்கை உங்கள் ஒஸ்லோவின் ஹோல்மென்கோலன் குன்றில் நின்று வேடிக்கை பார், போதும்.

சரி, சரிவுக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்றால், இறங்கும் முன் நிற்கக் கற்றுக்கொள். ஸ்கீயின் முன்நுனி இரண்டையும் நெருக்கி, பின்பக்கத்தை அகட்டி, உள்விளிம்பால் பனியை அழுத்து. மேலே இருந்து பார்த்தால் கூரை முகடு மாதிரி தெரியும். முட்டி மடங்கியே இருக்கட்டும், உடம்பு முன்னே சாயட்டும். பயம் வந்தால் உடம்பு தானாகப் பின்னால் சாயும், அப்போதுதான் ஸ்கீ பிடியை விட்டு ஓடும். எனக்கு நடந்ததும் அதுதான். சொல்லிக்கொடுத்த உஸ்தாத் கீழே இருந்து “ஆகே ஜுகோ”, முன்னால் குனி, என்று கத்தியும், விழக்கூடாது என்று காலை விறைத்து நின்றேன். வலது முட்டி திருகிக்கொண்டது. ஐப்பசி மழை பிடித்தால் இன்றைக்கும் குத்துகிறது. விழப்போகிறாய் என்று தெரிந்தால் பக்கவாட்டில், மேட்டுப் பக்கமாக, இடுப்பில் விழுந்துவிடு. எழுந்திருக்கும் முன் இரண்டு ஸ்கீயையும் சரிவுக்குக் குறுக்கே வை.

உனக்குக் கீழே போகிறவருக்குத்தான் வழி உரிமை. தடத்தை விட்டுப் புதுப் பனிக்குள் யார் கூப்பிட்டாலும் போகாதே.

அம்மா முறுக்கு பார்சல் அனுப்பியிருக்கிறாள். சனிக்கிழமை ஸ்கீயை மாட்டியதும், குதிகால் தூக்க வருகிறதா இல்லையா என்று ஒரு வரி அனுப்பு. போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா