வல்லத்தில் ஏறும் போன்

அன்புள்ள தம்பி,

போனைத் தூக்கிக் கடலில் போடு என்று சொல்ல வரவில்லை. வலை, டீசல் கேன் மாதிரி அதுவும் வல்லத்தில் ஏறும் சாமான்தான். கரையிலேயே சரிபார்த்து ஏற்று, அவ்வளவுதான்.

வாடைக்காலம் வந்தால் வாட்ஸ்அப்பில் புயல் கூண்டுப் படம் சுற்றும். பாம்பனில் கூண்டு ஏறியது நிஜமாகவே இருக்கும், எந்த வருஷம் என்பதுதான் தெரியாது. மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் பல கை மாறி வந்த படம். தேதி இல்லாத எச்சரிக்கையை நம்பாதே, அடுத்தவனுக்கும் தள்ளிவிடாதே. கடல் நிலவரம் சொல்லும் மத்திய அரசு நிறுவனம் இன்காய்ஸ், அதன் அறிவிப்பில் தேதி இருக்கும். அதில் அலை உயரம் 1.5 மீட்டர் என்று போட்டிருந்தால், அது உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. நடுவில் ஒன்று 3 மீட்டர்கூட எழும்பலாம். இதை நிதானமாகப் படிக்க இரண்டு நிமிஷம் வேண்டும். அதற்குள் நாலு நோட்டிபிகேஷன் விழுந்தால் எங்கே படிப்பது?

குரூப்புகளை 'எப்போதும்' என்று மியூட் செய். ஆட்டோ டவுன்லோடை நிறுத்து. டூ நாட் டிஸ்டர்ப் போடும்போது வீட்டு எண்ணையும் கூட்டாளி எண்ணையும் விலக்கில் சேர்த்துவிடு. சேர்க்காமல் ஓர் அவசர அழைப்பைத் தவறவிட்டவர்கள்தான் அந்த வசதியையே வேண்டாம் என்கிறார்கள்.

கரை மறைந்தால் டவரைத் தேடித் தேடியே சார்ஜ் இறங்கும். தனுஷ்கோடிப் பக்கம் இலங்கை சிக்னலும் வந்து ஒட்டும், ரோமிங்கை அணைத்து வை. டவர் போனதும் ஏர்பிளேன் மோடு போடு. ஜிபிஎஸ்ஸுக்கு டவர் தேவையில்லை. ஆனால் மேப்பைக் கரையிலேயே இறக்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெறும் திரையில் நீலப் புள்ளி மட்டும் நிற்கும். கரை தெரிந்ததும் மோடை எடு. கடலோரக் காவல்படையின் அவசர போன் எண் 1554 டவர் உள்ள இடம் வரைதான். அதற்கு அப்பால் விஎச்எஃப் வயர்லெஸ்ஸின் 16-ஆம் சேனல்தான் கை கொடுக்கும்.

கிழிந்த வலையைப் பொத்தும்போது ரீல்ஸ் ஓடவிடாதே, கண்ணும் கையும் கெடும். பாம்பனிலேயே 2016 முதல் மீனவர்களுக்கென்று கடல் ஓசை 90.4 என்ற எஃப்எம் ரேடியோ இருக்கிறது. போனில் எஃப்எம் இருந்தால் ஒயர் ஹெட்போனைச் சொருகு, அந்த ஒயர்தான் ஆன்டெனா.

இன்னொன்று. இரவில் திரையைப் பார்த்த கண் இருட்டுக்கு முழுசாகப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும். அதுவரை அடுத்தவன் வலை மிதவை உனக்குத் தெரியாது. வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறை. பார்த்தே ஆக வேண்டுமென்றால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்.

அன்புடன்,
அண்ணன்