ஞாயிற்றுச் சந்தைக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்கள் ஊர் முன்பள்ளி வளவில் ஞாயிறு காலை கூடும் மரக்கறிச் சந்தை இப்போது எல்லோருக்கும் பழகிவிட்டது. பழகிய பிறகு அதைத் தூக்கி நிறுத்தியவர்களை யாரும் நினைப்பதில்லை. அதனால்தான் எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் சார்பில் இந்த நன்றி மடல்.

2021 ஏப்ரலில் இரசாயன உரத்துக்குத் தடை என்று அறிவித்தார்கள். நவம்பரில் தடையை எடுத்தபோது பெரும்போகம் தொடங்கிவிட்டிருந்தது. வயல் எங்களைக் கைவிட்டது. அடுத்த வருசம் கேஸும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை. செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம் என்று செய்தியில் சொன்னார்கள். அது கொழும்புக் கணக்கு. எங்கள் குசினிக் கணக்கில் அது சோறும் சொதியும், சில நாள் சோறும் சம்பலும்.

அந்த நாளில் நிவாரணப் பொதி கொண்டுவந்த எல்லோருக்கும் முதல் நன்றி. அரிசி, மா, பருப்பு, சீனி எல்லாம் பசியை ஆற்றின. ஆனால் கீரையும் கத்தரிக்காயும் பொதியில் வராது. (போட்டோவுக்காகப் பொதியை இரண்டு தரம் வாங்க வைத்தவர்களும் உண்டு. சரி, அதை விடுவோம்.)

மட்டக்களப்பு டவுனிலிருந்து வந்த தொண்டு நிறுவனப் பிள்ளைகள் வேறு மாதிரி. பாயில் எங்களோடு உட்கார்ந்து, நேற்று என்ன சமைத்தீர்கள், காய் எங்கே வாங்கினீர்கள், என்ன விலை என்று கேட்டார்கள். பேசப் பேசத்தான் விசயம் வெளியே வந்தது. நாங்கள் விளைவித்த வெண்டியும் புடோலும் வியாபாரியின் லொறியில் போகின்றன. எங்கள் கடையில் தொங்குவது தம்புள்ளையிலிருந்து வந்த வாடல் காய், அதுவும் லொறிக் கூலி ஏறிய விலைக்கு. எங்கள் வேலிக்குள் காய்ப்பது எங்கள் சட்டிக்கு வருவதில்லை! அங்கிருந்துதான் சந்தை யோசனை பிறந்தது.

காசாக அவர்கள் தந்தது கொஞ்சம். விதை தந்தார்கள், அதுவும் கடனாக: ஒரு பிடி எடுத்தால் அறுவடைக்குப் பிறகு இரண்டு பிடி. பயறு, கௌப்பி, பயற்றங்காய், கத்தரி, கொச்சிக்காய் எல்லாம் இன்று எங்கள் அலுமாரியில் சாம்பல் போட்ட போத்தல்களில் இருக்கின்றன. மாரி வெள்ளத்தில் பாத்தி அழுகும் என்பதால் உரப்பையில் மண் நிரப்பிப் பரண் மேல் வைக்கக் காட்டித்தந்த விவசாயப் போதனாசிரியர் ஐயாவுக்கும் நன்றி. இரவில் யானைக்குக் காவல் இருந்த தம்பிமாரை மறந்தால் என்னை ஊரில் இருக்க விடமாட்டார்கள்.

மருத்துவமாது மிஸ்ஸுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பிள்ளைக்கென்று தரும் திரிபோஷா சத்துமாவை வீடே பங்குபோட்டுத் தின்றால் பிள்ளைக்கு என்ன மிஞ்சும் என்று அவர் ஏசாத வீடில்லை. சந்தை நாளில் தராசைக் கொண்டுவந்து பிள்ளைகளை நிறுத்து, வளர்ச்சி அட்டையில் நிறைக் கோடு கீழே போகும் பிள்ளையின் தாய்க்குக் கையோடு முருங்கைக்கீரையும் முட்டையும் வாங்க வைத்துத்தான் அனுப்புவார். காசில்லாத தாய்மாருக்குச் சங்கக் கணக்கில் எழுதுவோம். யாருடைய பெயரையும் வாசிப்பதில்லை.

முன்பள்ளி ரீச்சரின் இலைக்கஞ்சி இல்லாவிட்டால் பாதிப் பேர் வரவே மாட்டார்கள். இலை தெரிந்தவர் எங்கள் பெத்தா (பாட்டி) ஒருவர். முல்லையும் முசுட்டையும் வல்லாரையும் எந்த வேலியில் கிடக்கும் என்பது அவருக்குத்தான் மனப்பாடம். சிவப்புப் பச்சையரிசி குழைய வெந்து, தேங்காய்ப்பால் விட்ட பிறகுதான் இடித்துப் பிழிந்த சாறு. ஒரு கொதியில் இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பச்சை நிறம் போய்விடும். முதல் வாரம் பிள்ளைகள் வாயைத் திறக்கவில்லை. ரீச்சர் ஆளுக்கொரு துண்டு சர்க்கரைக்கட்டியைக் கையில் கொடுத்து, ஒரு கடி, ஒரு மிடறு என்று பழக்கினார். இப்போது இரண்டாம் கோப்பைக்குச் சண்டை.

காத்தான்குடியிலிருந்து மண்முனைப் பாலத்தால் வரும் மீன் வியாபாரி காக்கா, கூனி இறாலும் சின்ன மீனும் எங்கள் சந்தைக்கென்று எடுத்து வைத்துவருகிறார். பாலம் 2014இல் திறந்தது. அதற்கு முன் ஓடத்துக்குக் காத்து நின்ற காலத்தில் இந்த மீன் இவ்வளவு பச்சையாக வந்திருக்குமா? அவர் இரவல் தந்த தராசில்தான் இன்றும் காய் நிறுக்கிறோம்.

விற்கிற பெண்களில் பலருக்குத் திங்கட்கிழமை நுண்கடன் தவணை. ஞாயிறு விற்ற காசு அதற்குத்தான் முதலில் போகிறது. சந்தை அந்தக் கடனைத் தீர்க்கவில்லை. தவணைக்காகத் தோட்டைக் கழற்றுவது மட்டும் குறைந்திருக்கிறது.

கடைசியாக ஒன்று. போன போகம் விதை எடுத்து இன்னும் திருப்பாதவர்கள் அடுத்த ஞாயிறு போத்தலோடு வரவும். பெயர்கள் என் கொப்பியில் இருக்கின்றன.

அன்புடன்,
செயலாளர்,
மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம்